ஹைவேயில் மட்டும் எரிகிற மஞ்சள் விளக்கு

பழைய பெட்ரோல் கார் வைத்துக்கொண்டு, டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கோடு மாதக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இந்தப் பதிவு. "வண்டி நல்லாத்தானே ஓடுது" என்று விட்டவர்கள் இருப்பீர்கள். ஸ்கேனர் போட்டு அழித்து அழித்து அலுத்தவர்கள் இருப்பீர்கள். "கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போச்சு சார், மாத்தணும்" என்று சொல்லி நீட்டிய எஸ்டிமேட்டைப் பார்த்து மலைத்துப்போனவர்களும் இருப்பீர்கள். பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

என் கார் 1.2 லிட்டர் பெட்ரோல், 2013 கடைசியில் சென்னையில் பதிவானது. அந்த வருஷத்தைச் சொல்லக் காரணம் இருக்கிறது. சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு பிஎஸ் 4 புகை விதி 2010 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. 2013 ஏப்ரலில் அதோடு, கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஓபிடி 2 ஏற்பாடு சேர்ந்தது. அதற்கு முந்தைய கட்டத்தில் கார் பெரும்பாலும் ஒயர் அறுந்திருக்கிறதா, சென்சார் உயிரோடு இருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தது. ஓபிடி 2 வந்தபிறகு கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா, சிலிண்டரில் மிஸ்ஃபயர் ஆகிறதா, ஆக்சிஜன் சென்சார் மந்தமாகிவிட்டதா என்றெல்லாம் ஓடும்போதே சோதித்துப் பார்க்கிறது. சோதனையில் தேறாவிட்டால் விளக்கைப் போடுகிறது. ஆக, அந்த விளக்கு பெரும்பாலும் சொல்வது புகையைப் பற்றித்தான். மைலேஜும் பிக்கப்பும் குறையாமலே அது எரியலாம்.

என் காரில் விளக்கு எரிந்த விதம்தான் எல்லோரையும் குழப்பியது. ஊருக்குள் ஓட்டினால் வாரக்கணக்கில் ஒன்றும் இருக்காது. செங்கல்பட்டைத் தாண்டி விழுப்புரம், புதுச்சேரி என்று போய்வந்தால் எரிந்துவிடும். கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "வழியில எந்த பங்குல போட்டீங்க? கலப்படமா இருக்கும்." எங்கள் ஏரியா மெக்கானிக் அண்ணன் ஸ்கேனரைச் செருகினார். பி0420 என்ற கோடு வந்தது. அழித்துக் கொடுத்தார். "இனி வராது சார், வந்தா கன்வெர்ட்டர்தான்." மறுபடி ஹைவே, மறுபடி விளக்கு.

ஹைவேக்கும் விளக்குக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டு, ஆனால் பெட்ரோல் பங்குக்கு அதில் பங்கில்லை. கன்வெர்ட்டரைச் சோதிக்க என்ஜின் கம்ப்யூட்டருக்குச் சில நிபந்தனைகள் பொருந்தி வரவேண்டும். என்ஜின் முழுச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும், கன்வெர்ட்டரும் சூடேறியிருக்க வேண்டும், வேகம் ஏறி இறங்காமல் சில நிமிடம் சீராக ஓடவேண்டும். வடபழனிக்கும் தி.நகருக்கும் நடுவே அது நடக்கவே நடக்காது. ஹைவேயில் எண்பதில் பிடித்துக்கொண்டு போகும்போதுதான் சோதனை முடிகிறது. அதிலும் ஒருமுறை தவறினால் விளக்கு எரியாது. சந்தேகமாகக் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் தவறினால்தான் எரியும்.

அழித்துக் கொடுப்பதால் ஒரு நன்மையும் இல்லை என்பது இதிலிருந்தே தெரியும். கோடை அழித்தால் கோடோடு போவதில்லை. தவறு நடந்த நொடியில் என்ஜின் எந்த ஆர்.பி.எம்.மில் இருந்தது, கூலன்ட் எத்தனை டிகிரி, லோடு எவ்வளவு, எரிபொருள் திருத்தம் எவ்வளவு என்று கம்ப்யூட்டர் எடுத்து வைத்த குறிப்பும் சேர்ந்து அழிகிறது. ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஸ்கேனரில் வருமே, அதுதான் அந்தக் குறிப்பு. சோதனைகள் எல்லாம் "முடியவில்லை" என்ற நிலைக்குப் போய்விடுகின்றன. ஊருக்குள்ளேயே ஓடும் கார் அவற்றை மறுபடி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அந்த வாரங்களில் விளக்கு எரியாது. ரிப்பேர் ஆகிவிட்டது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம். ஆகவே யாரிடம் வண்டியைக் கொடுத்தாலும், "அண்ணே, அழிக்கிறதுக்கு முன்னாடி ஃப்ரீஸ் ஃப்ரேமை ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்" என்று சொல்லுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள்.

நான் சில நூறு ரூபாய்க்கு ஒரு ஈஎல்எம்327 ப்ளூடூத் அடாப்டர் வாங்கினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு முள் சாக்கெட்டில் செருகி, போனில் டார்க் மாதிரி ஒரு ஆப் போட்டுக்கொண்டால் மெக்கானிக்கின் ஸ்கேனர் காட்டுவதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். மலிவான அடாப்டர் மெதுவாகப் படிக்கும் என்பதால் பார்க்கிற அளவுகளை இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கிராஃப் படிக்கட்டு படிக்கட்டாக வந்து எதுவும் புரியாது. ஓட்டும்போது போனைப் பார்க்கவே கூடாது. ஆப்பில் பதிவுசெய்யும் வசதி இருக்கிறது, வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்க்கலாம்.

இப்போது பி0420 என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன்னால் இருப்பது பெரும்பாலான பழைய கார்களில் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைவு என்று என்ஜின் மாற்றி மாற்றி ஊட்டுவதால் வரும் ஆட்டம் அது, அப்படித்தான் ஆடவேண்டும். கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு மாதிரியான பீங்கான் கட்டி, அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. கூடவே சீரியம் ஆக்சைடும் இருக்கிறது. ஆக்சிஜன் மிஞ்சும்போது வாங்கி வைத்துக்கொண்டு, பற்றாதபோது திருப்பிக் கொடுப்பது அதன் வேலை. மாடியில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் குழாயில் தண்ணீர் ஒரே சீராக வருகிறதல்லவா, அதே கதைதான். முன் சென்சார் எவ்வளவு ஆடினாலும் பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட்டில் அசையாமல் நிற்கவேண்டும். பின் சென்சாரும் ஆட ஆரம்பித்தால் கம்ப்யூட்டர் "தொட்டி சுருங்கிவிட்டது" என்று முடிவுகட்டி பி0420 போடுகிறது.

கவனியுங்கள், கம்ப்யூட்டர் கன்வெர்ட்டரைத் திறந்து பார்க்கவில்லை. பின் சென்சார் ஆடுவதை மட்டும்தான் பார்த்தது. அது ஆடுவதற்குக் கன்வெர்ட்டர் தேய்ந்தது ஒரு காரணமாக இருக்கலாம். வெளிக்காற்று உள்ளே புகுந்தாலும் ஆடும், சென்சார் கோளாறானாலும் ஆடும். கோடு வந்ததும் பார்ட்டை மாற்றச் சொல்கிற பழக்கம் நம் ஒர்க்‌ஷாப்புகளில் வேரூன்றிவிட்டது. எனக்கு அது பெரிய வருத்தம். நான் போன ஒரு சர்வீஸ் சென்டரில் காரை ரேம்ப்பில்கூட ஏற்றவில்லை. கோடைப் பார்த்தார்கள், முப்பதாயிரத்துக்கு மேல் எஸ்டிமேட் போட்டார்கள்.

நான் முதலில் பார்த்தது எரிபொருள் திருத்தத்தை. லாங் டெர்ம் ஃப்யூல் ட்ரிம் என்று ஆப்பில் வரும். என்ஜின் தன் கணக்குக்கு மேல் எத்தனை விழுக்காடு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ ஊட்டுகிறது என்று அது சொல்லும். என் காரில் ஐட்லிங்கில் கூட்டல் 6, 2500 ஆர்.பி.எம்.மில் கூட்டல் 5.

கூட்டல் 6 என்றதும் பழைய கார் மன்றங்களில் படித்தவர்கள் திடுக்கிடலாம். அங்கெல்லாம் பூஜ்யத்தை ஒட்டி இருக்கவேண்டும் என்று எழுதியிருக்கும். அவை எத்தனால் கூடுதலாகக் கலந்த இ20 பெட்ரோல் வருவதற்கு முன் எழுதியவை. ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இருபது விழுக்காடு எத்தனால் கலந்தால் சுமார் 13.5 ஆகிறது. அதாவது அதே காற்றுக்கு அதிக எரிபொருள் ஊட்டவேண்டும். பத்து விழுக்காடு கலந்த காலத்தோடு ஒப்பிட்டால் நான்கு விழுக்காட்டுக்கு மேல் கூடுதல், கலப்பே இல்லாத காலத்தோடு ஒப்பிட்டால் ஒன்பதை ஒட்டி. 2013 கார் அந்தக் கூடுதலை முன் சென்சாரைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்கிறது, கற்றுக்கொண்டது ட்ரிம்மில் தெரிகிறது. ஆகவே இன்று ஒரு பழைய காரில் கூட்டல் 5, 6 இருந்தால் அது நோய் அல்ல. அதே சமயம், முன்பு சின்னதாக ஒரு காற்றுக்கசிவோடு கூட்டல் 12 காட்டிக்கொண்டு ஓசையில்லாமல் ஓடிய கார், இ20 வந்ததும் எல்லை தாண்டி, எரிபொருள் பற்றவில்லை என்கிற பி0171 கோடு போட ஆரம்பிக்கலாம். "எத்தனாலால் சென்சார் போச்சு" என்று அதற்குப் பெயர் வைத்துவிடுவார்கள். உண்மையில் இன்டேக் பக்கம் ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கும். ஐட்லிங்கில் ட்ரிம் உயரமாக இருந்து, ஆர்.பி.எம். ஏற்றியதும் இறங்கினால் ஹோஸைத் தேடுங்கள். லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் ஃப்யூல் பம்ப், ஃபில்டர் பக்கம் போங்கள்.

என் காரில் இரண்டுமே இல்லை. என்ஜின் ஒழுங்காக எரிக்கிறது, மிஸ்ஃபயர் கோடு இல்லை, ஆயில் குறையவில்லை. கன்வெர்ட்டரைக் கொல்லக்கூடிய வழக்கமான ஆட்கள் யாரும் இல்லாதபோது, அது மட்டும் ஏன் தானாகச் சாகவேண்டும்? இந்த இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் வலுத்தது.

பின் சென்சாரின் கிராஃபைப் பதிவுசெய்துகொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் விடிகாலையில் ஓட்டினேன். வீட்டில் வந்து பார்த்தபோது இரண்டு விஷயங்கள் பளிச்சென்று தெரிந்தன. முதலாவது, பின் சென்சார் ஆடியது உண்மை. ஆனால் முன் சென்சாரின் தாளத்தில் ஆடவில்லை. கன்வெர்ட்டர் தேய்ந்திருந்தால் முன்னது ஏறினால் பின்னதும் கொஞ்சம் தாமதித்து ஏறும், இறங்கினால் இறங்கும். இங்கே 0.7இல் நின்றுகொண்டிருந்த கோடு திடீரென்று 0.1 வரை விழுகிறது, எழுகிறது, மறுபடி விழுகிறது, ஒரு ஒழுங்கும் இல்லை. இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். மேம்பாலம் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்து ஏற்றிய நேரத்தில் அந்தக் கோடு கல் மாதிரி நின்றது. சமதரையில் மிதியைத் தளர்த்தி எண்பதில் மிதந்தபோதுதான் விழுந்தது.

தேய்ந்த கன்வெர்ட்டர் இதற்கு நேர்மாறாக நடக்கும். லோடு ஏறினால் புகை அதிகமாக, வேகமாகப் பாயும், அதைச் சமாளிக்க முடியாமல் இன்னும் மோசமாகும். லோடு ஏறினால் சரியாகிறது என்றால் அது கசிவு. புகை குழாயில் ஒரே சீராகப் போவதில்லை, ஒவ்வொரு சிலிண்டரும் திறக்கும்போது ஒரு தள்ளு, அடுத்த தள்ளுக்கு முன் ஒரு நொடித்துளி அழுத்தம் குறைகிறது. இணைப்பில் ஒரு சின்ன இடுக்கு இருந்தால் அந்த இடைவெளியில் வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும். நன்றாக மிதித்தால் குழாய் முழுக்க அழுத்தம், உள்ளே வர வழியில்லை. மிதி தளர்ந்தால் காற்று நுழைகிறது, பின் சென்சார் "ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது" என்று சொல்கிறது. கன்வெர்ட்டர் சோதனை நடப்பதும் சரியாக அந்தத் தளர்ந்த ஓட்டத்தில்தான். ஃப்ரீஸ் ஃப்ரேமில் லோடு குறைவாகப் பதிந்திருந்ததற்கும் இப்போது அர்த்தம் புரிந்தது.

கசிவைக் கண்டுபிடிக்கக் காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது பார்க்கவேண்டும். சூடானால் இரும்பு விரிந்து இடுக்கு அடைந்துவிடும், குழாயும் கையைச் சுட்டுவிடும். மெக்கானிக் அண்ணன் பிட்டில் இறங்கினார். நான் ஸ்டார்ட் செய்ததும் அவருடைய பையன் ஈரக் கோணித்துண்டை மடித்து சைலன்ஸர் வாயில் அழுத்திப் பிடித்தான். நொடிக்கணக்கில்தான் பிடிக்கவேண்டும், திறந்த வெளியில் மட்டுமே இதைச் செய்யவேண்டும், கார்பன் மோனாக்சைடு விளையாட்டல்ல. அண்ணன் சோப்புத் தண்ணியை ஒவ்வொரு இணைப்பிலும் தெளித்துக்கொண்டே வந்தார். கன்வெர்ட்டர் முடிந்து முன்குழாய் தொடங்குகிற இடத்தில், பின் சென்சாருக்கு ஒரு சாண் முன்னால், நுரை பொங்கியது. "சார், இங்க பாருங்க" என்று டார்ச்சைக் காட்டினார்.

அந்த இணைப்பில் இரும்புக் கம்பி பின்னி அமுக்கிய வளையக் கேஸ்கெட் ஒன்று உட்கார்ந்திருக்கும், ஸ்ப்ரிங் கோர்த்த இரண்டு போல்ட் அதை அழுத்திப் பிடித்திருக்கும். என்ஜின் ஆடும்போது குழாயும் கொஞ்சம் அசைந்துகொடுக்க இந்த ஏற்பாடு. ஒரு பக்க ஸ்ப்ரிங் துருப்பிடித்து மெலிந்து பாதியாக உடைந்து தொங்கியது. அந்தப் பக்கம் கேஸ்கெட்டின் விளிம்பிலிருந்து ஃபிளாஞ்சின் மேல் விசிறி விரித்தாற்போல் கரி படிந்திருந்தது. புகை கசிகிற இடத்துக்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எங்கள் தெருவில் கார்களின் அடிப்பாகம் மூழ்கித்தான் நின்றது. துரு அப்போதே ஆரம்பித்திருக்கலாம். அந்த வெள்ளத்தைக் கண்ட கார்களின் ஃபிளாஞ்சுகளை எல்லோருமே ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

கேஸ்கெட்டும் ஸ்ப்ரிங் போல்ட் செட்டும் ஜி.பி. ரோட்டில் கிடைத்தன. பாகத்துக்கான செலவு ஆயிரத்தைத் தொடவில்லை. கழற்றுவதுதான் வேலை. துருவேறிய போல்ட்டை முதல்நாள் மாலையே டபிள்யூடி-40 அடித்து ஊறவிட்டு, மறுநாள் மறுபடி அடித்து, முன்னும் பின்னுமாக மெதுவாகத் திருப்பி எடுத்தார். அவசரப்பட்டால் போல்ட் முறிந்து ஃபிளாஞ்சுக்குள்ளேயே நின்றுவிடும், பிறகு ட்ரில், வெல்டிங் என்று வேலை வளரும். கேஸ்கெட்டோடு சேர்த்து சிலிக்கான் பேஸ்ட் பூசலாமா என்று பையன் கேட்டான். அண்ணன் சரியாகத் தடுத்தார். சாதாரண சிலிக்கான் பேஸ்டின் ஆவி ஆக்சிஜன் சென்சாரைக் கெடுத்துவிடும், என்ஜினில் எங்கே பூசினாலும் சென்சாருக்குப் பாதகமில்லாத வகையைத்தான் பூசவேண்டும்.

இதற்கு முன் இன்னொருவர் எனக்குச் சொன்ன யோசனையையும் எழுதிவிடுகிறேன், உங்களுக்கும் யாராவது சொல்வார்கள். "பின் சென்சாருக்கு அடியில ஒரு நீள நட்டு வெச்சுத் தூக்கிடலாம் சார், லைட் வராது. இல்லன்னா கன்வெர்ட்டர் உள்ள இருக்கிறதைத் தட்டி எடுத்துடலாம், பிக்கப்பும் நல்லா இருக்கும்." தயவுசெய்து செய்யாதீர்கள். நன்றாகச் சூடேறிய கன்வெர்ட்டர் கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள் மூன்றிலும் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் மாற்றிவிடுகிறது. கிண்டி சிக்னலில் நம் சைலன்ஸருக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரில் ஒரு குழந்தை அப்பாவின் முன்னால் நின்றுகொண்டிருக்கும். அதன் மூக்கு நம் புகைக்குழாய்க்கு எவ்வளவு பக்கத்தில் என்று ஒருமுறை பாருங்கள். இந்த ஊருக்குக் கன்வெர்ட்டர் 1995 ஏப்ரலில்தான் வந்தது, நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாத பெட்ரோலோடு சேர்ந்து. ஈயம் பூச்சை மூடிக் கெடுத்துவிடும் என்பதால் பெட்ரோலையே மாற்றவேண்டியிருந்தது. நாடு முழுக்க ஈயம் போக 2000 பிப்ரவரி ஆனது. அவ்வளவு பாடுபட்டு வந்ததை ஒரு விளக்கை அணைப்பதற்காகத் தட்டி எடுப்பதை என்னால் ஏற்கவே முடியாது. சட்டமும் அனுமதிக்காது. வாகனத்தைத் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது.

"பொல்யூஷன் சர்டிபிகேட் கிடைச்சுடுச்சே" என்பார்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்த காலத்தில் எனக்கும் கிடைத்தது. அங்கே சைலன்ஸரில் குழாயைச் செருகி கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் நின்ற நிலையில் அளக்கிறார்கள். பிஎஸ் 4 பெட்ரோல் காருக்கு ஐட்லிங்கில் 0.3 விழுக்காடும் 200 பிபிஎம்மும் எல்லை. நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. அது என்ஜின் பாரம் இழுக்கும்போது உண்டாவது, நின்ற வண்டியில் அளந்தும் பயனில்லை. சான்றிதழ் ஒரு நேரத்து அளவு. விளக்கு மாதக்கணக்கில் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துச் சொல்வது. இரண்டில் நான் விளக்கைத்தான் அதிகம் நம்புவேன்.

கேஸ்கெட் மாற்றியபின் கோடை அழிக்காமலே விடலாம். தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் சோதனை தேறினால் விளக்கு தானாக அணையும். நான் அழித்தேன், சோதனை நிஜமாக முடிகிறதா என்று ஆப்பில் பார்க்க விரும்பினேன். ரெடினஸ் என்ற பக்கத்தில் கேட்டலிஸ்ட் வரிசை "முடியவில்லை" என்று இருந்தது. காலையில் ஆறிய என்ஜினை எடுத்து, ஜி.எஸ்.டி. சாலையில் எண்பதுக்குள் வேகத்தைப் பிடித்துக்கொண்டு, செங்கல்பட்டுவரை போனேன். திரும்பும் முன் டீக்கடையில் நிறுத்திப் பார்த்தபோது "முடிந்தது" என்று மாறியிருந்தது. கோடும் இல்லை, சந்தேகக் குறிப்பும் இல்லை. பின் சென்சார் 0.68ஐச் சுற்றியே நின்றது. அதற்குப் பிறகு புதுச்சேரி போயும் விளக்கு வரவில்லை.

எல்லா பி0420ம் கேஸ்கெட்டில் முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். சில கார்களில் கன்வெர்ட்டர் உண்மையிலேயே போயிருக்கும். பின் சென்சார் முன்னதைத் தாளம் தவறாமல் பின்தொடர்ந்தால், லோடு ஏறினால் இன்னும் மோசமானால், கசிவு எங்கேயும் இல்லாவிட்டால், மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதைக் கொன்றது எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஆயில் எரிகிற என்ஜினில் புதுக் கன்வெர்ட்டர் போட்டால் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் அதையும் மூடிவிடும். மிஸ்ஃபயர் ஆகும் என்ஜினில் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, தேன்கூடே உருகும். மஞ்சள் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் அர்த்தம் அதுதான். உடனே வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள், வீடுவரை போகலாம் என்று இழுக்காதீர்கள்.

மாற்றுவது என்று முடிவானால், கழற்றிய பழைய கன்வெர்ட்டரை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். ரோடியம் 2021இல் அவுன்ஸுக்கு 25,000 டாலரைத் தாண்டியது, பிறகு விலை வெகுவாக இறங்கினாலும் உள்ளே இருப்பது இன்றும் விலையுள்ள உலோகம்தான். பழைய இரும்புக் கணக்கில் அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வரவேண்டாம். எஸ்டிமேட் பேசும்போதே எக்ஸ்சேஞ்ச் உண்டா, எவ்வளவு கழிப்பார்கள் என்று கேட்டு, பில்லில் எழுதித்தரச் சொல்லுங்கள்.